ஹேங்டேக்கின் பின்பக்கம் எழுதிய சிறுகதை

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருப்பவர் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர்ப் பட்டறைகளுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்குபவர். நூல் வந்ததா, நிட்டிங் முடிந்ததா, டையிங்கில் நிறம் பொருந்தியதா, பட்டன் ஏன் இன்னும் வரவில்லை, எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். வேலை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும். முடியும் நேரம் என்று ஒன்று கிடையாது. ஜெர்மனியில் மாலை ஐந்து மணி அடிக்கும்போது நமக்குக் கோடையில் இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் முன் கடைசியாக அனுப்புகிற மின்னஞ்சல்தான் பெரும்பாலும் வில்லங்கமானதாக இருக்கும்.

இந்த வேலையில் இருந்துகொண்டே ஒரு சிறுகதையை முதல் வரி முதல் கடைசி வரி வரை எழுதி முடித்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். கதை 2011-இல் நடக்கிறது. அந்த ஆண்டு ஜனவரி இறுதியில், நொய்யல் ஆற்று மாசு தொடர்பான வழக்கில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறைகள் நின்றதும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களில் பலர் ஊர் திரும்பினார்கள். அப்படிக் கிளம்பும் ஒரு குடும்பம், வாடகை வீட்டுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்கப் போகிற ஒரே ஒரு நாள், கதை அவ்வளவுதான். பல ஆண்டுகளாக மனதில் கிடந்தது. அதை எப்படி நகர்த்தினேன் என்பதை, இதே சிக்கலில் இருக்கும் யாருக்காவது உதவும் என்று எழுதி வைக்கிறேன். எல்லா வேலைக்கும் இந்த முறை பொருந்தாது. என்னுடையதைப் போல, காத்திருப்பு அதிகமுள்ள வேலைகளுக்குப் பொருந்தும்.

விடியற்காலையில் எழுந்து எழுது என்பது எல்லோரும் சொல்லும் முதல் யோசனை. சாட்சிக்கு ஆண்டனி டிரோலப்பை அழைத்து வருவார்கள். பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாவல் நாவலாக எழுதித் தள்ளியவர். காலை ஐந்தரைக்கே மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் வீதம் எழுதியதாகத் தன் வரலாற்றில் சொல்கிறார். அதே நூலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மேற்கோள் காட்டுபவர்கள் அதைத் தொடுவதில்லை. அவரை எழுப்புவதற்கென்று வயதான குதிரைக்காரர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். அந்த மனிதர் ஒரு நாளும் காபியைத் தாமதமாகக் கொண்டுவந்ததில்லையாம். அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், எப்போது தூங்கினார் என்ற கணக்கு எங்கும் இல்லை.

எங்கள் வீட்டில் குதிரைக்காரர் கிடையாது. கூடத்தில்தான் மேசை, கூடத்தில்தான் மகன் படுத்திருப்பான். விளக்கைப் போட்டால் அவன் புரள்வான், அவன் புரண்டால் என் மனைவி விழிப்பாள். குழாயில் தண்ணீர் வருகிற நாளாக இருந்தால் ஐந்து மணிக்கே குடம் பிடிக்க எழ வேண்டும். என்றாலும் சில வாரங்கள் காலையில் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார முடிந்தது, எழுதத்தான் முடியவில்லை. முந்தின நாள் விட்ட இடத்தைப் படித்து, அந்த வீட்டுத் திண்ணையையும் அந்த அம்மாளின் குரலையும் மனதுக்குள் கொண்டுவந்து நிறுத்துவதற்கே அரை மணி நேரம் போனது. இரண்டு வரி எழுதியதும் பால்காரர் மணியடிப்பார்.

இரவையும் பார்த்தாயிற்று. பகலெல்லாம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் எழுதிய கைக்கு, இரவு பத்தரைக்குத் தமிழில் ஒரு வாக்கியம் வருவதாக இல்லை. வந்தாலும் அதில் 'தங்கள் மேலான கவனத்துக்கு' வாடை வீசியது. அலுவலகம் போய்க்கொண்டே இரவில் எழுதியவர் என்று காஃப்காவைக் காட்டுகிறவர்களும் உண்டு. பிராகில் அவர் வேலை பார்த்த தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகம் பிற்பகல் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். இரண்டு மணிக்கு என்னை விட்டால் நானும் மாலையில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு இரவெல்லாம் விழித்திருப்பேன்.

காலையிலும் இரவிலும் தடுக்கியது ஒரே இடம்தான். எழுதத் தொடங்குவதற்கு ஆகும் நேரம், எழுதக் கிடைக்கும் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கிடைத்தால் அரை மணி அதற்கே போகிறது. இருபது நிமிடம் கிடைத்தால் முழுவதும் போகிறது. அப்படியென்றால் இன்னும் அதிக நேரம் தேடி அலைவதைவிட, அந்தத் தொடக்கச் செலவைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பது மேல்.

பகலில் எங்கே சும்மா இருக்கிறேன் என்று கவனிக்கத் தொடங்கினேன். பதில் டையிங் பட்டறையில் கிடைத்தது. பருத்தித் துணிக்கு அடர்நிறம் ஏற்ற ஒரு லாட்டுக்கு, அதாவது மெஷினில் ஒரு தடவை போடும் துணிக்கு, பாதி நாளுக்கும் அதிகமாக ஆகிவிடும். நிறம் பார்க்கும் நேரத்துக்கு நாங்கள் போய் நிற்க வேண்டும். டையிங் மாஸ்டர் மெஷினை நிறுத்தி ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, அலசி, இஸ்திரி போட்டுக் காயவைத்து, விளக்குப் பெட்டிக்குள் பையர் ஒப்புதல் கொடுத்த லேப் டிப், அதாவது நிற மாதிரித் துண்டின், பக்கத்தில் வைப்பார். பகல் வெளிச்ச விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நீலமும் கடை விளக்கில் வேறு வேறாகிவிடும். அப்போது கொஞ்சம் சாயம் கூட்டி மறுபடி ஓட்டுவார்கள். "சார், இன்னும் அரை மணி" என்பார் மாஸ்டர். அந்த அரை மணி சில நாள் பதினைந்து நிமிடத்தில் முடியும், சில நாள் ஒன்றரை மணி நேரமாக நீளும். இதுபோல பிரிண்டிங்கில், எம்ப்ராய்டரியில், பையரின் தரச் சோதனை ஆள் வந்து உட்காரும் இறுதி இன்ஸ்பெக்‌ஷனில், கன்டெய்னர் லாரிக்காகச் சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்பதில். கூட்டிப் பார்த்தால் நல்ல நேரம் சேருகிறது. எவ்வளவு நீளம் என்று முன்கூட்டித் தெரியாததுதான் அதன் குறை. அதனால்தான் எல்லோரும் போனை எடுத்துவிடுகிறோம். போனில் எந்த நொடியிலும் நிறுத்திக்கொள்ளலாம்.

எந்த நொடியிலும் நிறுத்தக்கூடிய எழுத்து வேலை என்று ஒன்று வேண்டியிருந்தது. அதற்குக் கருவி என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது.

ஹேங்டேக் தெரிந்திருக்கும். புதுச் சட்டையில் நூலில் தொங்கும் விலை அட்டை. பையர் லோகோவைச் சற்று மாற்றினாலும் பழைய டேக் கட்டுக் கட்டாக வீணாகும். ஒரு பக்கம்தான் அச்சு, மறுபக்கம் வெள்ளை. சட்டைப் பையில் மடங்காமல் நிற்கும் கனம். நின்றுகொண்டே எழுதலாம், அடியில் அட்டை தேவையில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: லேமினேஷன் போட்ட பளபளப்பான டேக்கில் பால்பாயிண்ட் பேனா வழுக்கும், ஜெல் பேனா மை காயாமல் விரலோடு வரும். பழுப்பு கிராஃப்ட் அட்டையிலும் மேல்பூச்சு இல்லாத வெள்ளை அட்டையிலும்தான் எழுத்து நிற்கிறது. சாயப்பட்டறையின் ஈரக் காற்றில் பென்சில் இன்னும் நல்லது.

காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் மூன்று டேக்கில், டேக்குக்கு ஒன்றாக, மூன்று கேள்வி எழுதிப் பையில் போட்டுக்கொள்வேன். கேள்வி எப்படிப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'இந்தக் கதை எதைப் பற்றியது?' என்று ஒரு டேக்கில் எழுதிக்கொண்டு போனால் மாலையில் அது அப்படியே வெறுமையாகத் திரும்பி வரும். நடுவில் நான்கு பேர் வந்து லாட் நம்பர் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். 'முன்பணத்தை எந்தத் தேதியில் கொடுத்தார்கள், ரசீது வாங்கினார்களா, வாங்கவில்லை என்றால் யார் சாட்சி?' இது வேலை செய்கிற கேள்வி. 'வீட்டுக்காரர் கதவைத் திறக்கும்போது கையில் என்ன வைத்திருக்கிறார்?' இதுவும் அப்படியே. 'மனைவி இல்லாதபோது அவளைப் பற்றி அந்த மனிதன் என்ன பொய் சொல்கிறான்?' இதற்குப் பதில் வர இரண்டு டையிங் லாட் ஆனது, ஆனால் கதையின் திருப்பம் அங்கிருந்துதான் கிடைத்தது.

பதிலைச் சில சொற்களில், முடிந்தால் ஒரு முழு வாக்கியமாக, அதே டேக்கில் எழுத வேண்டும். வாக்கியமாக எழுதினால் குரலும் கூடவே வந்துவிடுகிறது. 'ரசீது இல்லை' என்று குறிப்பதைவிட 'ரசீதெல்லாம் எதற்கு, நான் என்ன ஓடியா போகிறேன் என்றார் வீட்டுக்காரர்' என்று எழுதிவிட்டால் மறுநாள் காலையில் அந்த ஆள் மேசைக்கே வந்து நிற்பார். உரையாடல் துணுக்குகள் இப்படிக் காத்திருப்பில் நன்றாக விளைகின்றன. சுற்றிலும் மனிதர்கள் பேசிக்கொண்டிருப்பது காரணமாக இருக்கலாம். இட வர்ணனை விளையவில்லை; அதற்குத் தனிமை வேண்டும் போலிருக்கிறது.

டேக்கில் ஏற்கெனவே துளை இருப்பதால் இன்னொரு வசதியும் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் அன்றைய டேக்குகளை ஒரு கயிற்றில் கோத்துவிடுவேன். கதையில் எது முன்னால், எது பின்னால் என்று கயிற்றை அவிழ்த்து மாற்றிக் கோத்தே தீர்மானித்தேன். கணினியில் பத்தியை வெட்டி ஒட்டுவதைவிட இது மெதுவானது. மெதுவாக இருப்பதால் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஏன் என்று கேட்க நேர்கிறது. கதையை வீட்டுக்காரரின் கதவில் தொடங்குவதாக இருந்தேன். கயிற்றில் மாற்றிப் போட்டபோது, பாத்திரங்களைச் சாக்கில் கட்டும் இடத்தில் தொடங்குவது சரி என்று தெரிந்தது.

பிறகு மறுபடியும் காலைக்கே வந்தேன். ஆனால் இந்த முறை அரை மணிக்கும் சற்று அதிகம் இருந்தாலே போதும் என்ற நிலை. கயிற்றிலிருந்து இரண்டு டேக்கை எடுத்து மேசையில் வைத்தால் உடனே தொடங்கிவிட முடிகிறது, ஏனென்றால் முதல் வாக்கியம் டேக்கிலேயே இருக்கிறது. அதிலிருந்து ஒரு பக்கம் எழுதுவேன். டிரோலப்பின் 250 சொல் கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்வதில் பொருளில்லை. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் அரை வரி. அதனால் சொல்லை எண்ணாமல், கோடு போட்ட நீள நோட்டில் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டேன். பக்கம் நிறையாவிட்டாலும் நேரமானால் எழுந்துவிடுவது. எழும்போது வாக்கியத்தை முடிக்காமல் பாதியில் விடுவது. முடிந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் மறுநாள் உட்காருவது சிரமம். பாதி வாக்கியம் தானே இழுக்கும்.

எழுதும்போது தகவல் இடறினால் அங்கேயே நிற்கக் கூடாது என்பதையும் கட்டாயமாக்கிக்கொண்டேன். 2011-இல் பட்டறைத் தொழிலாளியின் வாரக் கூலி என்ன, நொய்யல் ஆற்று ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவுநீர் தேங்கி நின்றதைப் பற்றி அன்றைய செய்தித்தாளில் என்ன வந்தது என்று தேடப் போனால் காலை அதிலேயே கரைந்துவிடும். தேடுவது சுகமான வேலை. எழுதுகிறோம் என்ற நினைப்பையும் கொடுத்துவிடும். அந்த இடத்தில் 'பார்' என்று எழுதி ஒரு வட்டம் போட்டுவிட்டு மேலே போனேன். வட்டங்களை எல்லாம் சேர்த்து ஒரே ஞாயிறு மாலையில் தீர்த்தேன். பாதி வட்டங்களுக்குத் தகவலே தேவைப்படவில்லை, வாக்கியமே போய்விட்டது. கூலி விஷயத்தை டையிங் மாஸ்டரிடமே கேட்டேன். எதற்கு என்றார். கதை என்றேன். அன்றைக்கு லாட் இறங்கிய பிறகும் கால் மணி நேரம் நின்று பேசினார். அந்தப் பேச்சில் கிடைத்ததில் பாதியைக் கதையில் சேர்க்கவே முடியாது, அவ்வளவு நம்ப முடியாதது.

தட்டச்சைப் பற்றிக் கொஞ்சம். போனில் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையில்தான் பல காலம் இருந்தேன். அதில் ஒவ்வொரு சொல்லையும் மனம் முதலில் ஆங்கில எழுத்தாக மாற்றுகிறது. ல, ள, ழ வரும் இடங்களில் பரிந்துரைப் பட்டியலைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. மின்னஞ்சலுக்குப் பரவாயில்லை. கதைக்கு அது இடையூறு. கணினியில் தமிழ்99-க்கு மாறினேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை இது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே எழுத்தை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ போதும். ந்த, ங்க, ம்ப போன்ற சேர்க்கைகளுக்கும் புள்ளியைத் தேட வேண்டியதில்லை. முதல் வாரம் கை தடுமாறும், கோபம் வரும். பிறகு வேகத்தைவிட வேறொன்று கிடைக்கிறது: திரையைப் பார்க்காமல், கதையைப் பார்த்துக்கொண்டே அடிக்கலாம்.

குரல்வழித் தட்டச்சும் முயன்றேன். பட்டறையில் மெஷின் சத்தத்தில் அது கேட்டதெல்லாம் வேறு ஏதோ. இரவு மொட்டை மாடியில் நடந்துகொண்டே சொன்னபோது ஓரளவு பிடித்தது, ஆனால் முற்றுப்புள்ளியே இல்லாத நீண்ட ஆறு ஒன்றைத் தந்தது. அதைத் திருத்தும் நேரத்தில் கையால் எழுதிவிடலாம். சொன்ன நடையும் எழுதும் நடையாக இல்லை. நானே யாருக்கோ விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது போலிருந்தது. இப்போது குரலை ஒன்றுக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். எழுதி முடித்த பக்கத்தை உரக்கப் படித்துப் பதிவு செய்து, வண்டியில் போகும்போது இல்லை, பஸ்ஸில் போகும்போது கேட்பேன். அவிநாசி வழியாகக் கோவைக்கு ஒருமுறை போய் வந்தால் முழுக் கதையையும் இரண்டு முறை கேட்டுவிடலாம். இடறும் வாக்கியம் காதில் உடனே தட்டுகிறது.

எங்கள் தொழிலில் ஷிப்மென்ட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, நூல் என்று, சாயம் என்று, வெட்டு என்று என ஒரு அட்டவணை போடுவோம். கதைக்கும் அப்படி ஒன்று போட்டுப் பார்க்காமல் மெர்ச்சண்டைசர் மனம் அடங்குமா. முதல் வரைவுக்கு அது உதவவில்லை. 'வியாழன்: உச்சக்கட்டம்' என்று எழுதி வைத்துவிட்டுப் புதனன்று பார்த்தால், பாத்திரம் வேறு தெருவில் போய்க்கொண்டிருக்கும். ஆனால் வரைவுக்குப் பிந்தைய வேலைகளுக்கு அட்டவணை அருமையாகப் பொருந்தியது: தட்டச்சு முடிக்கும் நாள், பிரிண்ட் எடுக்கும் நாள், நண்பரிடம் கொடுக்கும் நாள், அவர் திருப்பித் தர வேண்டிய நாள், அனுப்பும் நாள். எழுதுகிறவர்கள் பலர் வரைவோடு நின்றுவிடுவது இங்கேதான் என்பது என் எண்ணம். கதை முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் அது ஒரு கோப்பாகக் கிடந்துபோகிறது.

நேரம் யாரிடமிருந்து வருகிறது என்பதையும் பேசியாக வேண்டும். காலையில் நான் மேசையில் இருக்கும் நேரத்தில் மகனை எழுப்பிக் கிளப்புவது மனைவியின் தலையில் விழுந்தது. அவள் பள்ளி ஆசிரியை. அவளுக்கும் எட்டு மணிக்குள் கிளம்ப வேண்டும். "உங்களுக்குக் கதை. எனக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவளுக்கு ஞாயிறு காலை முழுவதும் வேண்டுமாம். என்ன செய்வாள் என்று கேட்கக் கூடாது என்பதும் நிபந்தனை. சனிக்கிழமை இரவே இட்லி மாவு, ஞாயிறு காலைச் சமையல், மகனின் ப்ராஜெக்ட், சந்தைக்குப் போவது, எல்லாம் என் பொறுப்பு. இது சரியான விலை என்றே நினைக்கிறேன். டிரோலப் ஐந்து பவுண்டில் முடித்துக்கொண்டார்.

திருத்தம்தான் இந்த முறையில் மாட்டாமல் நழுவுகிறது. டேக்கும் துண்டு நேரமும் எழுதத்தான் உதவின. முழுக் கதையையும் ஒரே மூச்சில் மனதில் வைத்துக்கொண்டு, எங்கே தளர்கிறது, வீட்டுக்காரருக்கு நான் அநியாயம் செய்கிறேனா என்று பார்ப்பதற்குத் தொந்தரவில்லாத நாலைந்து மணி நேரம் தேவைப்படுகிறது. அதைக் காத்திருப்பிலிருந்து பிய்த்தெடுக்க முடியாது. இந்தக் கதைக்கு, பையர் ஆர்டரைத் தள்ளிப்போட்டதால் சும்மா கிடைத்த ஒரு பிற்பகல் உதவியது. அகலமான வரி இடைவெளியில் பிரிண்ட் எடுத்து, அலுவலகக் கான்பரன்ஸ் அறையில் உட்கார்ந்து, பென்சிலால் மூன்றில் ஒரு பங்கை அடித்தேன். பெரும்பாலும் போனது, எனக்குச் சாயத்தொழில் தெரியும் என்று காட்டிக்கொண்ட வரிகள்.

கதை அனுப்பியாகிவிட்டது. பதில் வரவில்லை, நினைவூட்டும் தேதி அட்டவணையில் இருக்கிறது. அடுத்ததாக மனதில் இருப்பது சிறுகதைக்குள் அடங்காது, குறுநாவலாகப் போகும் போலிருக்கிறது. தீபாவளிக்கு இந்த ஊர் மெஷின்கள் மொத்தமாக நிற்கும். போனஸ் வாங்கிக்கொண்டு எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள், பையரும் அதைத் தெரிந்துகொண்டு அடங்கியிருப்பார். அந்த விடுமுறையில் மூன்று நாள் வேண்டும் என்று வீட்டில் மனு போட்டிருக்கிறேன். மாமியார் வீட்டுக்குப் போய் வருவது போக இரண்டு கிடைக்கும் என்று தோன்றுகிறது.